நாய்க்கும் பூனைக்கும் மூட்டு வலிக்கும்போது

கால்நடை மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "வயசாயிடுச்சுல்ல, அதான் முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது." எட்டு வயது லாப்ரடார் மாடிப்படி ஏற மறுக்கிறது. பத்து வயதுப் பூனை பீரோ மேல் தாவுவதை எப்போதோ நிறுத்திவிட்டது. வீட்டில் எல்லோரும் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் வயது கூடுவதற்கும் நடை குறைவதற்கும் நடுவே ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது மூட்டு வலி. அந்த வலி எந்த மூட்டில், எதனால் என்று கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் குறைக்கவும் முடியும். தேடாமல் விடுவதால்தான் பல பிராணிகள் வருடக்கணக்கில் வலியோடு வாழ்கின்றன.

வலித்தால் நாய் கத்தும் என்று நம்புகிறோம். கதவிடுக்கில் வால் மாட்டினால் கத்தும், சரி. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் மூட்டு வலிக்கு எந்த நாயும் கத்துவதில்லை. அது தன் பழக்கங்களை மாற்றிக்கொள்கிறது. படுத்த இடத்திலிருந்து எழும்போது முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை முன்னால் இழுத்து, அப்புறம்தான் பின்பக்கத்தைத் தூக்கும். காரில் ஏறும் முன் ஒரு நொடி தயங்கும். சாப்பிடும்போது முன்னங்கால்களில் பாரத்தைப் போட்டு நிற்கும். காலையில் விறைப்பாக நடந்து, பத்து நிமிடம் போனதும் சரியாகிவிடும். அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் நடக்குது" என்கிறோம்.

பூனை இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக மறைக்கும். அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுச் சிதைவு இருந்தது. 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஆறு மாதக் குட்டி முதல் 20 வயதுக் கிழம் வரை எல்லா வயதிலும் 100 பூனைகளை எடுத்துக்கொண்டது. அதிலும் 92 பூனைகளுக்கு எங்காவது ஒரு மூட்டில் மாற்றம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலிக்கும் என்று அர்த்தமில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமல் இருக்கலாம், சுத்தமாகத் தெரிவது வலிக்கலாம். ஆனாலும் இத்தனை பூனைகளில் நொண்டுகிற பூனை என்று நாம் எத்தனையைப் பார்த்திருக்கிறோம்? பூனை நொண்டாது. குறைவாகத் தாவும். முன்பு ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு நாற்காலி வழியாக இரண்டு தாவலில் போகும். முதுகின் பின்பகுதியை வளைந்து நக்க முடியாததால் அங்கே முடி சிக்குப் பிடிக்கும். நகம் கீறுவது குறைந்து நகங்கள் நீண்டு வளையும். மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட வலிப்பதால் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். அதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நாயை ஒருவர் கயிற்றில் பிடித்து நேராக நடத்திப் போகட்டும். இன்னொருவர் செல்போனில் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்கட்டும். அதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். முன்னங்காலில் வலி என்றால் தலை ஆடும்: வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். தலை இறங்கும் பக்கத்துக் காலைத்தான் பலர் தவறாகப் பிடித்துப் பார்க்கிறார்கள். பின்னங்காலில் வலி என்றால் அந்தப் பக்க இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இந்தப் படத்தை மருத்துவரிடம் காட்டுவது ரொம்பவும் உதவும். ஏனென்றால் மருத்துவமனை வாசலில் மற்ற நாய்களையும் மருந்து வாசனையையும் கண்ட பயத்தில், வீட்டில் நொண்டிய நாய் அங்கே நொண்டாமல் நடந்து காட்டிவிடும்.

பூனையின் திடீர் வலியை, அதாவது அடிபட்டதையோ அறுவைக்குப் பிந்தைய வலியையோ கணிக்க, கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முகபாவ அளவுகோல் 2019-ல் வெளியானது. காது எப்படி இருக்கிறது, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கு வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை எப்படி நிற்கிறது, தோளுக்கு மேலே தலை நிற்கிறதா கீழே தொங்குகிறதா என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 10-க்கு 4 வந்தாலே வலி மருந்து தேவை. பூனையின் முகத்தில் ஒன்றும் தெரியாது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு தவறு என்று இது காட்டியது.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அது தேயத் தொடங்கும்போது வலிக்காது. தேய்ந்து உதிரும் துகள்கள் மூட்டின் உள்ளுறையைச் சீண்டும். அந்த உறையில் நரம்புகள் நிறைய உண்டு. அது வீங்கும், திரவம் கூடும், வேதிப்பொருட்கள் சுரந்து மீதிக் குருத்தெலும்பையும் அரிக்கும். ஓரங்களில் எலும்பு முளைகள் வளரும். வலியால் காலைக் குறைவாகப் பயன்படுத்தினால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின் பிடிமானம் குறையும், தேய்மானம் கூடும். இந்தச் சுழல் ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்பதில்லை. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம்.

மனிதர்களுக்குப் பெரும்பாலும் வயதோடு வரும் தேய்மானம் நாய்களில் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் ஒரு மூலக் கோளாறு இருக்கும்: பிறவியிலேயே சரியாகப் பொருந்தாத இடுப்பு, கிழிந்த முழங்கால் நார், விலகும் முட்டிச் சில்லு, வளர்ச்சியில் கோணிய முழங்கை. ஆகவே நாயின் மூட்டு நோய் பல சமயம் இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. கிழட்டு வயதில் தெரிவது அதன் கடைசிக் கட்டம்.

இடுப்பு மூட்டுக் கோளாறு அதில் மிகவும் அறியப்பட்டது. 1935-ல் அமெரிக்க மருத்துவர் ஷ்னெல் நாய்களில் இதை விவரித்தார். தொடை எலும்பின் பந்தும் இடுப்பெலும்பின் கிண்ணமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தளர்வாக இருப்பதுதான் சிக்கல். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் அதிகம். பரம்பரையாக வருவது, ஆனால் பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்குவது. வளர்ச்சிக் காலத்தில் கிடைக்கும் அதிகச் சாப்பாடு அதை மோசமாக்கும். ஐந்தாறு மாதக் குட்டி ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் மாதிரி துள்ளினால் அழகாகத்தான் இருக்கும். அதுவே எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வெளிநாடுகளில் இனப்பெருக்கத்துக்கு விடும் முன் தாய் தந்தை இரண்டின் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே 1966-ல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். நம்மூரில் குட்டி வாங்கும்போது வம்சாவளிச் சான்றிதழ் கேட்பவர்கள் உண்டு, தாயின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்பவர்கள் அபூர்வம். கேட்க ஆரம்பித்தால் எடுக்கவும் ஆரம்பிப்பார்கள்.

கால்சியம் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாமல் கால் வளையும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். அதற்குப் பயந்து, வளரும் குட்டிக்கான தரமான தீவனமும் கொடுத்து, கூடவே கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறவர்கள் எதிர்த் தவறைச் செய்கிறார்கள். பெரிய இனக் குட்டிகளில் மிகையான கால்சியம் எலும்பு, குருத்தெலும்பு வளர்ச்சியைக் குலைக்கும். மருத்துவர் சொல்லாமல் அந்த சிரப் வேண்டாம்.

முழங்காலும் கத்தியும்

நாய்களில் பின்னங்கால் நொண்டலுக்கு முதன்மையான காரணம் முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் நார் அறுந்துபோவது. கிரிக்கெட், கால்பந்து வீரர்களுக்கு அறுந்துபோவதாகச் செய்தியில் படிக்கிறோமே, அதே நார்தான். ஆனால் வீரருக்கு ஒரு திருப்பத்தில் பட்டென்று அறுகிறது. நாய்க்கு மாதக்கணக்கில் இழை இழையாக நைந்து, ஒருநாள் பந்தைத் துரத்தும்போது மீதி அறுகிறது.

காரணம் எலும்பின் அமைப்பில் இருக்கிறது. நாயின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்தளம், அதாவது தொடை எலும்பு உட்காரும் இடம், பின்பக்கமாகச் சுமார் 25 டிகிரி சரிந்திருக்கிறது. மனிதருக்கு இந்தச் சரிவு அதைவிட வெகு குறைவு. நாய் முழங்காலை மடக்கியே நிற்பதால், ஒவ்வொரு அடியிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கும். மேட்டில் நிறுத்திய வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருப்பதுபோல அந்த நார் நாள் முழுக்க இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. உடல் எடை கூடினால் இழுப்பும் கூடும்.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த பார்க்ளே ஸ்லோகம் என்ற அறுவை மருத்துவர் கேட்ட கேள்வி அருமையானது: கயிறு மறுபடி மறுபடி அறுகிறதென்றால் கயிற்றை மாற்றுவதைவிட மேட்டைச் சமமாக்கினால் என்ன? 1993-ல் அவர் வெளியிட்ட முறையில் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, திருப்பி, சரிவை 5 டிகிரி அளவுக்குக் குறைத்து, உலோகத் தகடும் திருகுகளும் வைத்துப் பொருத்துகிறார்கள். டிபிஎல்ஓ என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நார் அறுந்தது அறுந்ததாகவே இருக்கும். ஆனால் அதன் தேவை போய்விடும். பெரிய, சுறுசுறுப்பான நாய்களுக்கு இன்று அதிகம் பரிந்துரைக்கப்படும் முறை. பழைய முறையில் மூட்டுக்கு வெளியே கெட்டியான நைலான் இழையைக் கட்டி முழங்காலைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பார்கள். அதைச் சுற்றி வளரும் தழும்புத் திசு பிற்பாடு அந்த வேலையை ஏற்கும். சின்ன நாய்களுக்கு இதுவே பல சமயம் போதும், செலவும் குறைவு.

ஒரு கால் நார் அறுந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதிக்கு மறுகால் நாரும் பின்னால் அறுகிறது. செலவைப் பற்றி யோசிக்கும்போதே இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

பொமரேனியன் போன்ற சின்ன இனங்களின் பிரச்சினை வேறு. நடந்து போகும்போதே ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு தத்தும், அப்புறம் எதுவும் நடக்காததுபோல ஓடும். முட்டிச் சில்லு தன் பள்ளத்திலிருந்து விலகி, மறுபடி உட்காரும் காட்சி அது. நான்கு படிநிலைகள் உண்டு. முதல் படியில் எடையைக் குறைத்துக் கவனித்தால் போதும். மேற்படிகளில் பள்ளத்தை ஆழமாக்கியும் தசைநார் ஒட்டும் எலும்புத் துண்டை நகர்த்தியும் அறுவை செய்வார்கள்.

இடுப்பு சரிசெய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டால் இரண்டு வழிகள். ஒன்று செயற்கை இடுப்பு மூட்டு. 1970-கள் முதல் நாய்களுக்குச் செய்கிறார்கள், ஆனால் செலவும் தேர்ச்சியும் அதிகம் கேட்கும். இன்னொன்று கேட்கும்போது பயமாக இருக்கும்: தொடை எலும்பின் பந்தையே வெட்டி எடுத்துவிடுவது. எலும்போடு எலும்பு உரசுவதே வலி என்பதால் உரசும் பகுதியை எடுத்தால் வலி போகிறது. சுற்றியுள்ள தசையும் தழும்புத் திசுவும் சேர்ந்து ஒரு போலி மூட்டை உருவாக்கிக்கொள்கின்றன. பூனைகளும் சின்ன நாய்களும் இதற்குப் பிறகு வியக்கும்படி நடக்கும். ஒரே நிபந்தனை, அறுவை முடிந்து சில நாட்களிலேயே அந்தக் காலைப் பயன்படுத்த ஆரம்பிக்க வேண்டும். பாவம் பார்த்துத் தூக்கிக்கொண்டே திரிந்தால் போலி மூட்டு விறைத்துவிடும். எலும்பை அறுத்துத் தகடு வைத்த நாய்க்கோ இதற்கு நேர்மாறு: எலும்பு கூடும்வரை, சுமார் இரண்டு மாதம், கயிற்றில் மட்டுமே நடை, ஓட்டம் இல்லை, சோபா இல்லை. இரண்டு அறுவைகளுக்கும் ஒரே அறிவுரையைப் பக்கத்து வீட்டில் கேட்டுச் செய்வதால் வரும் கெடுதல் அதிகம்.

பெரிய இன நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வயதும் மூட்டோடு சம்பந்தப்பட்டது. பாலின ஹார்மோன்கள்தான் எலும்பு வளர்ச்சியை நிறுத்தச் சொல்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013 முதல் வெளியான ஆய்வுகள், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதைக் காட்டின. தெருநாய்களுக்கான கருத்தடைத் திட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே தேவையும் வாய்ப்பும் வேறு. வீட்டில் வளரும் பெரிய இனத்துக்கு மட்டும் எந்த வயதில் செய்யலாம் என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம்.

நொண்டலெல்லாம் தேய்மானம் ஆகாது

உண்ணிகள் வருடம் முழுக்கக் கிடைக்கும் நம் ஊர்களில் ஒரு பொறி இருக்கிறது. இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று இடம் மாறும் நொண்டல், லேசான காய்ச்சல், சாப்பாட்டில் மந்தம். இது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். எர்லிக்கியா என்ற கிருமி மூட்டுகளை வீங்கவைக்கக்கூடும். கூடவே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் குறைத்துவிடும். மூட்டு வலி என்று நினைத்து வலி மாத்திரை கொடுத்தால், அந்த மாத்திரைகளில் பலவும் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பதால் மூக்கிலும் குடலிலும் ரத்தம் கசியத் தொடங்கலாம். தேவைப்படுவதோ டாக்சிசைக்ளின் என்ற சாதாரணக் கிருமிக்கொல்லி. ஒரு ரத்தப் பரிசோதனை இதைப் பிரித்துக் காட்டிவிடும்.

நம் மருந்துப் பெட்டியிலிருக்கும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். நம் கல்லீரல் பாராசிட்டமாலை ஒரு நொதியின் உதவியோடு கட்டி வெளியேற்றுகிறது. அந்த நொதிக்கான மரபணு பூனையில் பழுதானது. வீட்டுப் பூனையில் மட்டுமா என்றால், சோதித்துப் பார்த்த பூனைக் குடும்ப விலங்குகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். பரம்பரை பரம்பரையாகக் கறி மட்டுமே தின்றதால், தாவரங்களில் உள்ள நச்சுகளை முறிக்கும் அந்த வசதி தேவைப்படாமல் போய்விட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வெளியேறாத மருந்து வேறொரு நச்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தம் பழுப்பாகும். சில மணி நேரத்தில் ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 4 கிலோ பூனைக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் கிலோவுக்கு 125 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சான பூனைகள் பதிவாகியிருக்கின்றன. அன்போடு பாலில் கரைத்துக் கொடுத்த கால் மாத்திரையும் போதும். கொடுத்துவிட்டால் காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

நாய்க்கு இபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் போன்ற நம் வலி மாத்திரைகள் ஆபத்து. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் அதே குடும்பத்து வேதிப்பொருட்கள்தான் வயிற்றின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் பாதுகாக்கின்றன. வலி மாத்திரை இரண்டையும் சேர்த்து அடக்குகிறது. நாயின் உடம்பில் இந்த மருந்துகளில் சில நம்மைவிட வெகுநேரம் தங்கும். புண், வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு. இதோடு ஸ்டீராய்டு ஊசியும் சேர்ந்தால் குடலில் ஓட்டையே விழலாம். ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது முன்பு போட்ட ஊசியின் சீட்டைக் காட்டுவது அதனால்தான் அவசியம். தைலமும் வலி ஜெல்லும் வெளியே தடவுவதுதானே என்று நினைக்க வேண்டாம். நாயும் பூனையும் நக்கியே தீரும். உரிமையாளர் தன் உடம்பில் ஃப்ளர்பிப்ரொஃபென் என்ற வலி மருந்துக் களிம்பு தடவிய இரண்டு வீடுகளில் பூனைகள் நோயுற்றதையும் சில இறந்ததையும் அடுத்து, 2015-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. பூனைக்கு யாரும் தடவவில்லை.

ஒரு உயிருக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு எமனாகும் என்பதற்கு நம் நாடே பெரிய சாட்சி. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அவை இறந்தபின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. பாகிஸ்தானில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு இதை நிரூபித்தது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஏறக்குறைய அழிந்தேவிட்டது. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்குக்கும் 2023-ல் கீட்டோப்ரோஃபென், ஏசிக்ளோஃபினாக் ஆகியவற்றின் கால்நடைப் பயன்பாட்டுக்கும் மத்திய அரசு தடை போட்டது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்காக இன்றும் ஆர்வலர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்குகிறார்கள். பாறுகளுக்குக் கெடுதல் செய்யாதது என்று சோதித்துத் தேர்ந்த மெலாக்சிகாம்தான் நாய்களின் மூட்டு வலிக்கும் பரவலாகப் பயன்படுவது.

பிராணிகளுக்கென்றே ஆராய்ந்த வலி மருந்துகள் இருக்கின்றன: நாய்க்கு மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்றவை. எடை பார்த்து, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி என்று ரத்தம் பார்த்து, சாப்பாட்டோடு கொடுத்தால் பல நாய்கள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். வாந்தியோ கறுத்த மலமோ வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். பூனையின் கதை நுணுக்கமானது, ஏனென்றால் வயதான பூனைகளில் மூட்டு நோயும் சிறுநீரக நோயும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். ஐரோப்பாவில் மிகக் குறைந்த அளவில் மெலாக்சிகாமைத் தொடர்ந்து கொடுக்க அனுமதி உண்டு. அமெரிக்காவில் அதே மருந்தைப் பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுப்பது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று பெட்டியிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். ஆகவே பூனை விஷயத்தில் அளவை நாமே கூட்டிக் குறைக்கும் பேச்சே வேண்டாம்.

டிரமடால் பற்றி ஒரு வார்த்தை. நாய்களுக்கு வெகுகாலமாக எழுதித் தரப்பட்ட மாத்திரை. ஆனால் அதை வலி போக்கும் வடிவமாக மாற்றும் வேலையை நாயின் உடம்பு சரியாகச் செய்வதில்லை. 2018-ல் வந்த அமெரிக்க ஆய்வில், முழங்கை, முழங்கால் தேய்மானமுள்ள நாய்களுக்கு வெற்று மாத்திரையைவிட அது அதிகமாக உதவவில்லை. நாய் தூங்குவதைப் பார்த்து வலி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அறுவை வலியின் வரலாறும் இதே மாதிரி மனதை உறுத்துவது. 1983 முதல் 1989 வரை ஒரு அமெரிக்கக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் பெரிய அறுவைகளுக்கு உட்பட்ட 258 நாய் பூனைகளின் பதிவேடுகளை 1993-ல் ஆராய்ந்தபோது, பாதிக்கும் குறைவானவற்றுக்கே வலி மருந்து கொடுத்திருந்தது தெரிந்தது. பூனைகளின் நிலை இன்னும் மோசம். வலி இருந்தால்தான் அசையாமல் கிடக்கும் என்ற வாதம் அன்று சாதாரணம். இன்று தெரிந்தது வேறு: அடக்காத வலி தண்டுவடத்து நரம்புகளையே கூர்மையாக்கி, சாதாரணத் தொடுதலையும் வலியாக்கிவிடும். அதனால் கத்தி வைக்கும் முன்னரே மருந்து தொடங்க வேண்டும்: ஓபியாய்டு எனும் அபின் வகை வலி ஊசி ஒன்று, அறுக்கும் இடத்து நரம்பை மரக்கவைக்கும் ஊசி, தேவைப்பட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ஒன்று, அப்புறம் வீக்கத்துக்கு மருந்து. ஒன்றையே அதிகமாகக் கொடுப்பதைவிடப் பலவற்றைக் குறைந்த அளவில் சேர்ப்பது பாதுகாப்பு. அறுவைக்குத் தேதி வாங்கும்போது "வலிக்கு என்ன கொடுப்பீங்க டாக்டர், வீட்டுக்கு வந்ததும் எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடந்த சில வருடங்களில் வந்த புதிய வழி மாதம் ஒருமுறை போடும் எதிர்ப்புரத ஊசி. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற பொருள் மூட்டில் வலிச் செய்தியைப் பெருக்குகிறது. அதைப் பிடித்து முடக்குவதுதான் இந்த ஊசியின் வேலை. பூனைக்கான ஃப்ருநெவெட்மாபுக்கு 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த விலங்குக்காகவும் அனுமதித்த முதல் எதிர்ப்புரத மருந்து அது. நாய்க்கான பெடின்வெட்மாபுக்கு ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2023-லும் அனுமதி. சிறுநீரகத்தையும் வயிற்றையும் அவ்வளவாகத் தொடாதது என்பதால் வரவேற்பு பெரிது. ஆனால் நாய்களில் தடுமாற்றம், வலிப்பு போன்ற புகார்கள் வந்ததைக் குறிப்பிட்டு 2024 டிசம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. மனிதர்களுக்கு இதே வழியில் செய்த டானெசுமாப், சிலரின் மூட்டு வேகமாகச் சிதைந்ததால் 2021-ல் நின்றுபோனது. நம்பிக்கை தரும் மருந்துதான். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது இல்லை.

எடையும் தரையும்

இத்தனை மருந்துகளுக்கும் பிறகு சொல்கிறேன்: மூட்டு நோய்க்கு இன்றுவரை நிரூபணமான, செலவே இல்லாத வைத்தியம் எடையைக் குறைப்பதுதான். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை, கூடப் பிறந்தவற்றை ஜோடி சேர்த்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான அதே தீவனம். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. பாதி நாய்களுக்கு மூட்டுக்கான தொடர் சிகிச்சை தேவைப்பட்ட வயது, நிறையத் தின்ற குழுவில் 10.3. குறைவாகத் தின்ற குழுவில் அது 13.3. மூன்று வருட வலியில்லா வாழ்க்கை, கிண்ணத்தில் கால்வாசியைக் குறைத்ததால்.

நம் வீடுகளில் நாய்க்குத் தயிர்ச்சோறு ஒரு வேளை, சாயங்கால டீயோடு நாலு பிஸ்கட், தாத்தா தட்டிலிருந்து தோசை ஓரம், பாட்டி கொடுத்தது கணக்கிலேயே வராது. விலா எலும்புகள் கையால் தடவினால் லேசாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நாய் குண்டு. வீட்டில் ஒருவர் மட்டுமே சாப்பாடு போடுவது என்று முடிவு செய்தாலே பாதி வேலை முடியும். பூனையை மட்டும் பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. சில நாள் சாப்பிடாத குண்டுப் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மாதக்கணக்கில் மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைகளுக்கு நிறையப் பேர் பணம் செலவழிக்கிறார்கள். நாய் பூனைகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் வெளியான அலசலில் குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் பலன் காட்டவில்லை. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 காட்டியது. அந்தப் பணத்தை மீன் எண்ணெய்க்கு மாற்றலாம், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

அப்புறம் தரை. வழவழ டைல்ஸும் கிரானைட்டும் மூட்டு வலிக்கிற நாய்க்குத் தினசரி தண்டனை. நிற்கும்போதே கால் விலகிப் போகும். வீடு முழுக்க மாற்ற வேண்டாம். நாய் வழக்கமாக எழுகிற இடம், தண்ணீர்க் கிண்ணத்தின் முன், வாசலுக்குப் போகும் வழி, இந்த மூன்றிலும் அடியில் வழுக்காத ரப்பர் பாயோ தேங்காய் நார் மிதியடியோ போட்டால் போதும். பாதத்தின் அடிமுடியையும் நகத்தையும் வெட்டி வைத்தால் பிடிமானம் கூடும். நடை நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மற்ற நாள் கட்டிப்போடுவதைவிடத் தினமும் இரண்டு மூன்று முறை கொஞ்ச நேரம் நடப்பது நல்லது, வெயில் காலத்தில் தார்ச்சாலை ஆறிய பிறகு. பூனைக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி வையுங்கள். மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், முனை குத்தாமல் தேய்த்துவிட்டு. மாடி வீடு என்றால் தளத்துக்கு ஒரு தட்டு.